ரோமா மக்கள்: எங்கிருந்து போனார்கள், ஏன் அலைந்தார்கள்?

கேள்வி மூன்று பகுதிகளாக வந்திருக்கிறது. ஐரோப்பாவில் ஜிப்ஸிகள் என்று அழைக்கப்படும் ரோமா மக்கள் உண்மையிலேயே இந்தியாவிலிருந்து போனவர்களா? நம் ஊர் நரிக்குறவர்களும் அவர்களும் ஒரே இனமா? இத்தனை நூற்றாண்டுகளாக ஏன் ஓரிடத்தில் தங்காமல் அலைந்துகொண்டே இருக்கிறார்கள்?

முதல் கேள்விக்கு ஆம். இரண்டாவதற்கு இல்லை. மூன்றாவது கேள்விக்குத்தான் நீண்ட பதில் வேண்டும், ஏனென்றால் அதற்குள் ஒரு தவறான படம் ஒளிந்திருக்கிறது. ஐரோப்பாவில் வாழும் ரோமாக்கள் ஏறக்குறைய ஒரு கோடி பேர். அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பல தலைமுறைகளாக வீடு வாசலோடு ஓரிடத்தில் வாழ்கிறவர்கள். அலைந்தவர்களின் கதையைத் தேடிப் போனால், அவர்களைத் தங்கவிடாமல் விரட்டிய சட்டங்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. தங்கியவர்களின் கதையைத் தேடினால் அங்கே சங்கிலி கிடக்கிறது. இந்த இரண்டையும் சொல்லாமல் கூடாரம், வயலின், கைரேகை என்று மட்டும் பேசுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்று நான் நினைக்கிறேன்.

இந்தியத் தொடர்பிலிருந்து தொடங்குவோம். ஜெர்மனியின் ஹாலே நகரத்தில், 1782-ல் தன் ஆய்வை வெளியிட்ட ரூடிகர் என்ற மொழியறிஞர், ஒரு ரோமா பெண்ணிடம் சில வாக்கியங்களை அவள் மொழியில் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். ஒப்பிட்டுப் பார்க்க அவர் கையில் இருந்தது ஓர் இந்துஸ்தானி இலக்கண நூல். அதை எழுதியவர் பெஞ்சமின் ஷூல்ட்சே. சீகன்பால்குக்குப் பிறகு தரங்கம்பாடி மிஷனில் பணியாற்றி, அவர் விட்டுச்சென்ற தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பை முடித்தவர் இவர்தான். பிறகு சென்னைக்கு வந்து தெலுங்கும் இந்துஸ்தானியும் கற்றார். ஊர் திரும்பியபின் வெளியிட்ட அந்த இலக்கணம், சுமார் நாற்பது ஆண்டு கழித்து ஐரோப்பாவின் பழைய புதிர் ஒன்றை அவிழ்க்க உதவியது. ரோமாக்களின் வேரைக் கண்டறிந்த கதையில் சோழமண்டலக் கரைக்கும் இப்படி ஒரு சிறு பங்கு உண்டு.

ரூடிகர் கண்டது என்ன என்று நீங்களே சோதிக்கலாம். ரோமானி மொழியில் ஒன்று முதல் பத்து வரை: யேக், தூய், த்ரின், ஷ்தார், பாஞ்ச், ஷோவ், எஃப்தா, ஒஹ்தோ, என்யா, தேஷ். இந்தி தெரிந்தவர்களுக்கு ஆறு வரை பெரிய தடங்கல் இருக்காது. ஏழு, எட்டு, ஒன்பது கிரேக்கம். பத்து மறுபடி இந்தியச் சொல். தண்ணீர் பானி, மூக்கு நாக், காது கான், மனிதன் மனுஷ். ஆனால் சாலைக்குக் கிரேக்கச் சொல், குதிரைக்கு ஆர்மீனியச் சொல், அதிர்ஷ்டத்துக்குப் பாரசீகச் சொல். நேரடி அரபுச் சொற்கள் மிகக் குறைவு. வட இந்தியாவிலிருந்து பாரசீகம், ஆர்மீனியா, கிரேக்கம் பேசிய பைசாந்தியப் பேரரசு என்று அவர்கள் போன வழி முழுக்க இந்தச் சொற்களிலேயே பதிந்திருக்கிறது. வேறு எழுத்து ஆவணம் எதையும் அவர்கள் விட்டுச்செல்லாத நிலையில் இதுவே முதன்மைச் சான்று.

மரபணு ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆய்வாளர்கள் பங்கேற்ற 2012-ம் ஆண்டு ஆய்வு, ரோமா ஆண்களிடம் அதிகம் காணப்படும் ஒரு தந்தைவழி மரபுக்கோட்டை வடமேற்கு இந்தியாவோடு இணைத்தது. அதே ஆண்டு வெளியான இன்னொரு பெரிய ஆய்வு, ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு கூட்டம் அங்கிருந்து பிரிந்தது என்று கணித்தது. மொழியியலாளர்கள் பலர் இன்னும் கொஞ்சம் பிந்தைய காலத்தைச் சொல்கிறார்கள். வட இந்திய மொழிகளில் அஃறிணைப் பால் மறைந்துபோன மாற்றம் ரோமானியிலும் இருக்கிறது. அது முதல் ஆயிரத்தாண்டின் கடைசியில் நடந்த மாற்றம். அதனால் அதற்கு முன் அவர்கள் கிளம்பியிருக்க முடியாது என்பது அவர்கள் வாதம்.

ஏன் கிளம்பினார்கள்? கஜினி முகமதுவோடு போரிட்ட ராஜபுத்திர வீரர்களின் வழிவந்தவர்கள் என்று ஒரு கதை இணையத்தில் அடிக்கடி பகிரப்படுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம் மெலிவு. ‘ரோம்’ என்ற இனப்பெயர் இந்தியாவின் ‘டோம்’ என்ற பெயரிலிருந்து வந்தது என்றே பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். பாட்டு, கூத்து, உலோக வேலை, கூடை முடைதல் என்று கைத்தொழிலோடு ஊர் ஊராகப் போன சாதிகளின் பெயர் அது. பாரசீகக் கவி பிர்தவுசி 1010 வாக்கில் முடித்த காவியத்தில், மன்னர் பஹ்ராம் இந்திய அரசனிடம் கேட்டு வரவழைத்த பத்தாயிரம் லூரி இசைக்கலைஞர்களின் கதை வருகிறது. உழுது பிழைக்கட்டும் என்று மன்னர் மாடும் கோதுமையும் கொடுக்க, அவர்கள் அவற்றைத் தின்று தீர்த்துவிட்டார்களாம். இவர்கள்தான் ரோமாக்களின் மூதாதையர் என்று அடித்துச் சொல்ல முடியாது. இந்தியக் கலைஞர்கள் மேற்கே போனது அந்தக் காலத்தில் புதுமையல்ல என்பதற்கு மட்டும் இது சாட்சி.

நரிக்குறவர்கள் விஷயம் வேறு. அவர்கள் பேசும் வாக்ரிபோலியும் இந்தோ-ஆரிய மொழிதான், ஆனால் அது குஜராத்தி, ராஜஸ்தானி பக்கம் நெருங்கியது. அவர்கள் மேற்கு இந்தியாவிலிருந்து தெற்கே வந்தவர்கள். ரோமானியில் இருக்கும் பாரசீக, ஆர்மீனிய, கிரேக்கப் படிவுகளோ ரோமானிக்கே உரிய தனி மாற்றங்களோ அதில் கிடையாது. வெள்ளைக்காரர்கள் இரு கூட்டத்தையும் ‘ஜிப்ஸி’ என்று ஒரே பெயரில் அழைத்ததால் வந்த குழப்பம் இது.

ஐரோப்பாவுக்குள் அவர்கள் நுழைந்த வாசல் பைசாந்தியம். 1322-ல் எருசலேம் யாத்திரை போன ஒரு பிரான்சிஸ்கன் துறவி, கிரீட் தீவில் கூடாரங்களிலும் குகைகளிலும் வசித்த, ஓரிடத்தில் முப்பது நாளுக்கு மேல் தங்காத மக்களைப் பற்றி எழுதிவைத்தார். கிரேக்கத்தின் தென்மேற்குத் துறைமுகமான மோடோனில் அவர்களுக்கென்று ஒரு குடியிருப்பே இருந்தது. கொல்லு வேலை, செருப்புத் தொழில் செய்தார்கள். அந்தப் பகுதியை ‘சின்ன எகிப்து’ என்று யாத்ரிகர்கள் குறித்திருக்கிறார்கள். ‘எகிப்தியர்’ என்பது தேய்ந்துதான் ஆங்கிலத்தில் ஜிப்ஸி, ஸ்பானிஷில் ஹிதானோ ஆனது. எகிப்துக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதற்குப் பிறகு அவர்கள் கதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று டான்யூபுக்கு வடக்கே, இன்றைய ருமேனியாவில். வலாக்கியா நாட்டின் 1385-ம் ஆண்டு ஆவணம் ஒன்று, திஸ்மானா மடத்துக்கு 40 ரோமா குடும்பங்கள் தானமாகக் கொடுக்கப்பட்டதை உறுதிசெய்கிறது. மூன்று ஆண்டு கழித்து கோசியா மடத்துக்கு 300 குடும்பங்கள். பக்கத்து நாடான மால்டேவியாவிலும் 1428 முதல் இதே மாதிரி பட்டயங்கள் கிடைக்கின்றன. நிலம், ஆலை, திராட்சைத் தோட்டம் என்று எழுதிக்கொண்டே வந்து அதே வரிசையில் மனிதர்களையும் எழுதியிருக்கிறார்கள். அடுத்த 470 ஆண்டுகள் அந்த இரண்டு நாடுகளிலும் ரோமா என்றாலே அடிமை.

அரசனின் அடிமை, மடத்தின் அடிமை, பிரபுவின் அடிமை என்று மூன்று வகை. ஆற்று மணலில் பொன் அரித்தவர்கள், கரடி ஆட்டியவர்கள், மரக்கரண்டி செதுக்கியவர்கள், செம்புப் பாத்திரம் அடித்தவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வரி கட்டிவிட்டு வண்டியில் சுற்றலாம். ‘அலைவது’ இங்கே உடைமையாளர் கொடுத்த அனுமதி. வீட்டு அடிமைகளுக்கு அதுவும் இல்லை. பிரபு வீட்டுப் பெண்ணின் சீதனப் பட்டியலில் ரோமா சிறுமிகளின் பெயர் இருக்கும். கல்யாணம் செய்ய எஜமானின் சம்மதம் வேண்டும். இரண்டு எஜமான்களின் அடிமைகள் மணந்துகொண்டால் பிள்ளைகளை யார் எடுத்துக்கொள்வது என்று சட்டத்தில் விதி இருந்தது. வலாக்கியாவின் 1818-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, ரோமாக்கள் பிறப்பிலேயே அடிமைகள் என்று எழுதியே வைத்தது. ருமேனியாவின் பிரதமராகப் பிற்காலத்தில் உயர்ந்த கோகல்னிச்சானு, தன் இளமையில் யாஷ் நகரத் தெருக்களில் கையிலும் காலிலும் விலங்கு பூட்டிய, கழுத்திலும் நெற்றியிலும் இரும்பு வளையம் மாட்டிய மனிதர்களைப் பார்த்ததை நினைவுகூர்ந்திருக்கிறார். 1837-ல், இருபது வயதில், பெர்லினில் மாணவராக இருந்தபோதே ரோமாக்களைப் பற்றி அவர் புத்தகம் எழுதினார்.

அவரும் அவர் தலைமுறையினரும் போராடி, மால்டேவியாவில் 1855 டிசம்பரிலும் வலாக்கியாவில் 1856 பிப்ரவரியிலும் கடைசி அடிமைகளும் விடுவிக்கப்பட்டார்கள். ஏறக்குறைய 2.5 லட்சம் பேர். வலாக்கியாவில் ஓர் அடிமைக்கு 10 பொற்காசு என்று இழப்பீடு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டவர் எஜமான். விடுதலை பெற்றவனுக்கு ஏர் இல்லை, நிலம் இல்லை. அடுத்த சில பத்தாண்டுகளில் பாத்திரம் அடிக்கும் கல்தராஷ் குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போயின, பாரிஸ், லண்டன், அமெரிக்கா வரை. அங்கே அவர்களைப் பார்த்தவர்கள் ‘சுதந்திரமாகத் திரியும் ஜிப்ஸிகள்’ என்று ஓவியம் தீட்டினார்கள். அப்பன் பாட்டன் காலத்து அடிமைச் சங்கிலியை அந்த ஓவியர்கள் கேள்விப்படவே இல்லை.

இன்னொரு கிளை 1400-களின் தொடக்கத்தில் மேற்கு ஐரோப்பாவுக்குள் போனது. ஜெர்மானிய மன்னர் சிகிஸ்மண்ட் 1417-ல் கொடுத்த பாதுகாப்புக் கடிதம் அவர்களிடம் இருந்தது. கிறிஸ்தவ நெறியிலிருந்து வழுவிய பாவத்துக்குப் பரிகாரமாக ஏழு ஆண்டு அலையும்படி போப் விதித்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டார்கள். யாத்ரிகர்களுக்கு அன்னமிடுவது புண்ணியம் என்று நம்பிய காலம். அந்தக் கதை ஒரு பயணச் சீட்டாக வேலை செய்தது.

1427 ஆகஸ்டில் பாரிஸுக்கு வந்த நூற்றிச் சொச்சம் பேரைப் பற்றி, பெயர் தெரியாத ஒரு பாரிஸ்வாசி தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நகரத்துக்குள் விடாமல் லா ஷாப்பல் என்ற இடத்தில் தங்கவைத்தார்கள். காதில் வெள்ளி வளையம், கறுத்த நிறம், சுருட்டை முடி என்று வர்ணிக்கிறார். வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது. கைரேகை பார்க்கிறார்கள், மடியிலிருக்கும் காசைக் களவாடுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த மனிதர் அடுத்து எழுதுவதைத்தான் நான் பலருக்கும் எடுத்துச் சொல்வேன்: தானே மூன்று நான்கு தடவை போய் அவர்களோடு பேசியதாகவும், ஒரு காசுகூடத் தொலையவில்லை, யார் கையையும் அவர்கள் பார்த்ததைத் தான் காணவில்லை, ஆனால் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள் என்றும் எழுதுகிறார். பிஷப் வந்து, கைரேகை பார்த்தவர்களையும் பார்க்கக் கொடுத்தவர்களையும் சபைநீக்கம் செய்தார். செப்டம்பரில் அவர்கள் கிளம்ப வேண்டியதாயிற்று. கண்ணால் கண்டவன் சொன்னது தோற்று, ஊர்ப்பேச்சு ஜெயித்தது. அடுத்த அறுநூறு ஆண்டுகளும் அதுவே நடந்தது.

வரவேற்பு ஒரு தலைமுறைதான் நீடித்தது. பிறகு ஒரு நாட்டைப் பார்த்து இன்னொரு நாடு சட்டம் போட்டது. 1498-ல் ஜெர்மானியப் பேரரசின் சபை அவர்களைத் துருக்கியரின் ஒற்றர்கள் என்று அறிவித்தது. 1499-ல் ஸ்பெயினின் இசபெல்லாவும் ஃபெர்டினாண்டும் 60 நாள் கெடு கொடுத்தார்கள்: ஒரு எஜமானிடம் வேலைக்குச் சேர், அல்லது வெளியேறு. மீறினால் நூறு கசையடி, மறுபடி பிடிபட்டால் காது அறுப்பு. இங்கிலாந்தில் 1530-ல் நாடுகடத்தும் சட்டம், 1554-ல் நாட்டில் தொடர்ந்து இருப்பதற்கே மரண தண்டனை. அந்தச் சட்ட வரிசை 1783 வரை ஏட்டில் இருந்தது. பிரஷ்யாவில் 1725-ல் பதினெட்டு வயது தாண்டிய ரோமா ஆணோ பெண்ணோ யாராக இருந்தாலும் தூக்கு. எழுத்தறியாதவர்களுக்குப் புரியட்டும் என்று, கசையடி வாங்கும் தூக்கில் தொங்கும் ஜிப்ஸிகளின் படம் வரைந்த பலகைகளை ஜெர்மானியச் சிற்றரசுகள் எல்லைகளில் நட்டுவைத்தன. இந்த ஊரில் நின்றால் கசை, அந்த ஊரில் நின்றால் கயிறு. நடந்துகொண்டே இருப்பதைத் தவிர வேறு வழி என்ன?

‘தங்கியிருந்தால் தப்பித்திருப்பார்களே’ என்று கேட்பவர்களுக்கு ஸ்பெயினின் 1749-ம் ஆண்டு பதில் சொல்லும். அரசு ஒதுக்கிய ஊர்களில் மட்டும் வசிக்க வேண்டும் என்ற ஆணைக்குக் கட்டுப்பட்டு, ரோமாக்களில் பெரும்பாலோர் அப்போது வீடு, தொழில், ஞானஸ்நானம், பதிவேட்டில் பெயர் என்று நிலைத்திருந்தார்கள். ஜூலை 30 அன்று, அமைச்சர் என்செனாதா தீட்டிய திட்டப்படி, படைவீரர்கள் நாடெங்கும் அவர்கள் வீடுகளைச் சூழ்ந்தார்கள். எளிதாக அகப்பட்டவர்கள் யார்? பதிவேட்டில் முகவரி இருந்தவர்கள், ஆணையை மதித்து நிலைத்தவர்கள். தேவாலயத்தில் அடைக்கலம் புகும் உரிமையைக்கூட போப்பின் தூதரிடம் பேசி முன்கூட்டியே பறித்திருந்தார்கள். ஏறக்குறைய 9,000 பேர் சிக்கினார்கள். ஏழு வயதுக்கு மேற்பட்ட ஆண் பிள்ளைகளும் ஆண்களும் கப்பற்படைத் தளங்களில் கட்டாய வேலைக்கு, பெண்களும் குழந்தைகளும் வேறு அடைப்பு இல்லங்களுக்கு. புருஷனையும் பெண்டாட்டியையும் பிரித்துவைத்தால் இனமே அற்றுப்போகும் என்பது கணக்கு. சாரகோசாவில் அடைக்கப்பட்ட பெண்கள் துணிகளைக் கிழித்தெறிந்து, வேலை செய்ய மறுத்து, சுவரைத் துளைத்துத் தப்பியோடி ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். கடைசிக் கைதிகள் வெளியே வரப் பதினாறு ஆண்டு ஆயிற்று. அதற்குப் பிறகு பதிவேட்டில் பெயர் எழுதிக்கொள்ள ஒரு ரோமா தயங்கினால், அதை நாடோடி ரத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பதிவேட்டைப் பற்றிய அந்தப் பயம் எவ்வளவு நியாயம் என்று இருபதாம் நூற்றாண்டு காட்டியது. மியூனிக் காவல்துறை 1899-ல் ஜிப்ஸிகளைக் கண்காணிக்கத் தனி அலுவலகம் திறந்தது. 1905-ல் 3,350 பேரின் விவரங்களோடு புத்தகமே அச்சிட்டது. ஹிட்லர் வந்தபோது பட்டியல் தயாராக இருந்தது. ராபர்ட் ரிட்டர் என்ற மருத்துவரின் குழு ஏறக்குறைய 24,000 பேரை அளந்து, வம்சாவளி எழுதி, இன்னின்னார் இன்ன விகித ஜிப்ஸி என்று சான்றிதழ் தயாரித்தது. 1942 டிசம்பர் 16 அன்று, ரோமாக்களை ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பச் சொல்லி நாஜிக் காவல்துறைத் தலைவர் ஹிம்லரின் ஆணை. ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவில் தனி ஜிப்ஸி முகாம். அங்கே அடைக்கப்பட்ட ஏறக்குறைய 23,000 பேரில் 20,000-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். எஞ்சியிருந்த 4,300 பேர்வரை, பெரும்பாலும் முதியோரும் தாய்மாரும் குழந்தைகளும், 1944 ஆகஸ்டு 2 இரவில் நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். ருமேனியாவின் சர்வாதிகாரி அந்தோனெஸ்கு 25,000 பேரை, தன் படை பிடித்திருந்த கிழக்குப் பகுதியான திரான்ஸ்னிஸ்திரியாவுக்கு நாடுகடத்த, 11,000 பேர் பசியிலும் குளிரிலும் செத்தார்கள். ஐரோப்பா முழுவதிலும் கொல்லப்பட்டவர்கள் 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள்.

1944 மே 19 அன்று நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து ஒரு ரயில் கிளம்பியதை, முகாம் தலைவனின் உத்தரவால் ஒரு கைதி படம்பிடித்தார். மூடப்போகும் சரக்குப் பெட்டியின் கதவிடுக்கில் ஒரு சிறுமி வெளியே பார்க்கிறாள். தலையில் கிழிந்த துணி, மொட்டையடித்ததை மறைக்க. சில நொடிகள்தான். அந்த முகம் யூதப் படுகொலையின் அடையாளமாக உலகெங்கும் அச்சானது. 1994-ல் ஒரு டச்சு இதழாளர் பெட்டியின் எண்ணையும் பட்டியல்களையும் துருவி, அவள் சிந்தி இனக் குழந்தை (ரோமாக்களின் ஜெர்மானியக் கிளை) செத்தெலா ஸ்டைன்பாக், வயது ஒன்பது என்று கண்டுபிடித்தார். ஐம்பது ஆண்டு உலகமே பார்த்த முகம். அவள் ரோமாவாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

போருக்குப் பின்னும் நீதி எளிதாக வரவில்லை. மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 1956-ல், 1943-க்கு முந்தைய நாடுகடத்தல்கள் இனவெறியால் நடந்தவை அல்ல, அவர்களுடைய சமூகவிரோத இயல்பால் எடுத்த காவல் நடவடிக்கை என்று தீர்ப்பளித்தது. இழப்பீடு மறுக்கப்பட்டது. தப்பிப் பிழைத்தவர்கள் 1980-ல் டாகாவ் என்ற பழைய நாஜி வதைமுகாம் வளாகத்தில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அது இனப்படுகொலைதான் என்று பிரதமர் ஹெல்முட் ஷ்மிட் ஒப்புக்கொண்டது 1982-ல். செக் நாட்டின் லேட்டி முகாமில் முந்நூறுக்கும் மேற்பட்ட ரோமாக்கள் செத்த இடத்தில் 1970-களில் பன்றிப் பண்ணை வைத்தார்கள். அதை வாங்கி இடித்து நினைவிடம் திறக்க 2024 வரை ஆயிற்று.

இதற்கிடையே 1971 ஏப்ரல் 8 அன்று லண்டன் அருகே ஆர்பிங்டனில் முதல் உலக ரோமா மாநாடு கூடியது. அடுத்தவர் சூட்டிய பெயர்களை ஒதுக்கி ‘ரோமா’ என்ற பெயரை ஏற்றார்கள். நீலமும் பச்சையும் கொண்ட கொடியின் நடுவே சிவப்புச் சக்கரம். இந்தியக் கொடியை நினைவூட்டும் அந்தச் சக்கரத்துக்கும் சண்டிகரில் ரோமா ஆய்வு நிறுவனம் நடத்திய டபிள்யூ. ஆர். ரிஷிக்கும் தொடர்பு உண்டு. இந்திராகாந்தியும் 1983-ல் சண்டிகர் ரோமா விழாவுக்கு வந்தார். நம் பக்கத்து உறவு பெரும்பாலும் இத்தகைய விழாக்களோடு நின்றுவிடுகிறது. பல்கலைக்கழகங்களில் ரோமானி மொழி கற்பிக்கவாவது நாம் முன்வந்திருக்கலாம்.

இன்றைய சண்டை பள்ளிக்கூட வாசலில் நடக்கிறது. செக் நாட்டின் ஒஸ்த்ராவா நகரத்தில் 1996-லிருந்து 1999-க்குள் பதினெட்டு ரோமா பிள்ளைகளை அறிவுவளர்ச்சி குன்றியோருக்கான சிறப்புப் பள்ளிகளில் சேர்த்தார்கள். அந்த ஊரில் ஒரு ரோமா பிள்ளை அப்படித் தள்ளப்படும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட 27 மடங்கு அதிகம் என்று வழக்கில் காட்டினார்கள். நாட்டு நீதிமன்றங்களிலும், முதல் கட்டத்தில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் தோற்று, கடைசியில் 2007 நவம்பர் 13 அன்று அதன் பெரிய அமர்வில் வென்றார்கள். ஆளுக்கு 4,000 யூரோ இழப்பீடு. செக் அரசு அதற்குள் ‘சிறப்புப் பள்ளி’ என்ற பெயரை எடுத்துவிட்டிருந்தது. ஆனால் அதே கட்டடங்களில், அதே குறைத்த பாடத்திட்டத்தோடு, ரோமா பிள்ளைகள் தொடர்ந்து உட்காரவைக்கப்பட்டார்கள். அதை மாற்றத்தான் அங்குள்ள பெற்றோர்கள் போராடிவந்திருக்கிறார்கள்.